புழுதி நுழையும் வழியால் புகையும் நுழையும்

கேள்வி:

நான் ஒட்டுசுட்டானுக்கு அருகில் வசிக்கும் ஓர் ஆசிரியை. எங்களிடம் 1990களில் வந்த பெற்றோல் வேகன் கார் ஒன்று உண்டு. நாளாந்தம் மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள பாடசாலைக்கும், மாதம் ஒரு தடவை அம்மாவின் கிளினிக்குக்காக நெடுங்கேணி வழியாக வவுனியாவுக்கும் அதில் போய்வருகிறோம். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்ரார்ட் செய்தவுடன் எஞ்சின் பக்கத்தில் 'டிக் டிக்' என்றொரு சத்தம் கேட்கிறது, சூடேறியதும் அடங்கிவிடுகிறது. வவுனியாப் பயணத்தில் ஏசி போட்டுக் கண்ணாடிகளை மூடினால் எனக்கும் அம்மாவுக்கும் தலையிடிக்கிறது. பின்சீற்றில் இருக்கும் மகள் வாந்தி எடுக்கிறாள். பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றே இருந்துவிட்டோம். காருக்குள் புகை மணம் பெரிதாக இல்லை. இந்த வருடப் புகைப் பரிசோதனையிலும் கார் சித்தியடைந்துவிட்டது. கராஜுக்குக் கொண்டுபோக முன்னர், தம்பியின் உதவியுடன் வீட்டிலேயே சைலன்சர் கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டுபிடிக்கலாம். பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு விடியற்காலையும், இரண்டு முழ றப்பர்க் குழாயும், கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரும், பொறுமையுள்ள ஒரு துணையாளும் போதும். ஆனால் தேடும் முறையைச் சொல்ல முன்னர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்தச் சத்தத்தைப் பற்றிய வரி அன்று. ஒரே பயணத்தில், ஒரே நேரத்தில், மூன்று பேருக்கும் உடம்பு சரியில்லாமற் போகிறது என்ற வரிதான். பயணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வாந்தி வருவது வழமைதான் என்றாலும், அதே வேளையில் முன்சீற்றில் இருக்கும் வளர்ந்தவர்கள் இருவருக்கும் தலையிடித்து, அதுவும் கண்ணாடிகளை மூடியபோது மட்டும் இடிக்கிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது எக்சோஸ்ட் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு (CO) என்ற நச்சு வாயுவையே. எனவே கசிவு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படும்வரை மகளையும் அம்மாவையும் அந்தக் காரில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதை விளக்குவது எனக்கு எளிது. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை மணம் என்று நாம் சொல்வது எரியாத பெற்றோலினதும் வேறு வாயுக்களினதும் மணம். அவை குறைவாக இருக்கும்போதும் காபனோரொட்சைட்டு நிறைந்திருக்கலாம். ஆகவே 'மணம் பெரிதாக இல்லை' என்பதில் ஆறுதல் கொள்ள இடமில்லை. இந்த வாயு நமது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் சேர்ந்துகொள்ளும். சேர்ந்தது விரைவில் விலகாது. சாதாரண காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் அதில் அரைவாசி நீங்குவதற்கே நான்கு, ஐந்து மணித்தியாலம் வேண்டும். வவுனியாவில் இறங்கி நல்ல காற்று வாங்கியதும் தலையிடி குறைவதும், திரும்பி வரும்போது முன்னையதைவிட விரைவாக வந்துவிடுவதும் உங்களுக்கு நடந்திருந்தால் காரணம் இதுதான். இனி ஒருபோது அப்படி ஆகுமானால் உடனே காரை ஓரங்கட்டி எல்லோரும் இறங்குங்கள். தலைசுற்றலோ மயக்கமோ தெரிந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வைத்தியசாலையில், காருக்குள் எக்சோஸ்ட் புகை வந்திருக்கலாம் என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். விரலில் மாட்டும் கருவி காபனோரொட்சைட்டு ஏறிய குருதியையும் ஒட்சிசன் நிறைந்த குருதியாகவே காட்டிவிடும் என்பதால், நீங்கள் சொன்னால்தான் வைத்தியர் அதற்குரிய குருதிப் பரிசோதனையைச் செய்விப்பார்.

புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த காரில் எப்படிக் கசிவு இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பரிசோதனையில் கருவியின் குழாயை, புகை வெளியேறும் கடைசிக் குழாயான டெயில் பைப்பின் வாய்க்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். வழியில் கசிந்துபோனதை அது அளப்பதில்லை. அதுமட்டுமல்ல, எக்சோஸ்ட் புகை ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாகத்தான் போகிறது. இரண்டு துடிப்புகளுக்கிடையில் குழாயில் அமுக்கம் குறையும் நொடியில், வெடிப்பினூடாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்று கலந்தால் அளவீடு உண்மையைவிட நன்றாகவே தெரியக்கூடும். உங்கள் காரில், புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து பெற்றோல் அளவைச் சீராக்க உதவும் ஒட்சிசன் சென்சர் பூட்டப்பட்டிருந்தால், அதற்கு முன்னாலுள்ள கசிவு சென்சரையும் ஏமாற்றிப் பெற்றோல் செலவைக் கூட்டிவிடும்.

சத்தத்துக்கு வருகிறேன். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதியை நாங்கள் மனிபோல்ட் என்போம். அதில் மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு விழுந்தாலோ, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கஸ்கற் எரிந்துபோனாலோ, குளிரில் அந்த இடைவெளி திறந்திருக்கும். எஞ்சின் சூடேற, இரும்பு விரிந்து இடைவெளியை நெருக்கிவிடும், சத்தம் அடங்கும். அடங்கியது சத்தம் மட்டுமே. கசிவு முற்றாக நின்றுவிட்டதென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வால்வுப் பகுதியிலிருந்து வரும் 'டப்பற்' சத்தமும் ஏறக்குறைய இதுபோலவே கேட்கும் என்பதால் அனுபவசாலிகளும் சில வேளை ஏமாறுவதுண்டு. எக்சோஸ்ட் கசிவாக இருந்தால், ஆக்சிலேற்றரை மெல்ல மிதிக்கும்போது சத்தம் கூர்மையாகி, 'டிக்' என்பதோடு சிறு 'புஸ்' என்ற காற்றொலியும் சேர்ந்து வரும். டப்பற் சத்தம் காற்றில்லாத உலோகச் சத்தமாகவே இருக்கும்.

கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளமுள்ள றப்பர்க் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரைக் காலையில் திறந்த முற்றத்தில் நிறுத்தி வையுங்கள். தகரக் கொட்டிலுக்குள்ளோ, காற்று வராத போர்ட்டிக்கோவுக்குள்ளோ ஒருபோதும் வேண்டாம். காய்ந்த புல்லோ வைக்கோலோ இல்லாத இடமாக இருக்கட்டும். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் இருக்கும் காரில் அந்தப் பகுதி பல நூறு பாகை வெப்பம் கொள்ளும். நெல் காயவிட்ட வீதியோரத்து வைக்கோல்மேல் சூடான காரை நிறுத்துவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகு ஒருவர் ஸ்ரார்ட் செய்ய, மற்றவர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு மறுமுனையை மனிபோல்ட் நெடுகிலும் ஒவ்வொரு இணைப்பாக மெல்ல நகர்த்த வேண்டும். கசியும் இடத்துக்கு வந்ததும் சத்தம் காதுக்குள்ளேயே அடிப்பதுபோலக் கேட்கும். உங்களுக்குக் கிடைப்பது முதல் இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே. தவறவிட்டால் மறுநாட் காலைவரை காத்திருங்கள். தம்பி சாரத்தோடு எஞ்சினுக்குமேல் குனியக் கூடாது. நீங்கள் பார்ப்பதானால் பின்னலையும் சேலைத் தலைப்பையும் இறுகச் செருகிக்கொள்ளுங்கள். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், றேடியேற்றர் விசிறி சொல்லாமற் கொள்ளாமற் சுழலத் தொடங்கும். எவ்வளவு சின்னக் கசிவாக இருந்தாலும் கையை வைத்து உணர்ந்து பார்க்க வேண்டாம்.

அதன்பின் எஞ்சினை நிறுத்தி, முற்றாக ஆறவிட்டு, கண்ணால் தேடுங்கள். கசிந்த புகை தன் தடத்தைக் கரியாக விட்டுச் செல்லும். மனிபோல்ட் கஸ்கற்றின் விளிம்பில், மனிபோல்ட்டிலிருந்து பின்னோக்கிப் போகும் முன்பைப் இணையும் இடத்தில், வெல்டிங் மூட்டுகளில், மையிட்ட விரலால் இழுத்துவிட்டதுபோலக் கறுப்பு அல்லது சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அநேகமாக அதுதான் இடம். செம்மண் புழுதி பூசிக் கிடக்கும் காரில் இது இன்னும் இலகு. புழுதி எல்லா இடத்திலும் படிந்திருக்க, கசியும் இடத்தில் மட்டும் ஊதித் துடைத்தாற்போல ஒரு வட்டம் வெளித்திருக்கும். எனவே தேடி முடியும்வரை காரின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டாம்.

காருக்குக் கீழே பார்ப்பதற்காக ஜாக்கால் தூக்கிவிட்டு உள்ளே தலையை விடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. சில்லு மாற்றும் ஜாக் அதற்கானதல்ல. மாரி மண்ணில் அது சரிந்தால் ஒரு கணமும் தராது. நீங்கள் காரைத் தூக்கவே தேவையில்லை. பக்கத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்து, கைத்தொலைபேசியின் லைற்றைப் போட்டு, அதைக் காருக்கு அடியால் நீட்டி முன்னிருந்து பின்வரை வீடியோ எடுங்கள். பிறகு நிழலில் இருந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சைலன்சரின் மேற்புறத்தை மறக்காதீர்கள். கடந்த மாரியில் என்னிடம் வந்த ஒரு காரில் கீழிருந்து பார்த்தால் சைலன்சர் புதிதுபோலவே இருந்தது. அதற்கு நேர்மேலே காரின் அடித்தட்டைத் தடவிய என் விரல் கறுத்துப்போன பிறகுதான், சைலன்சரின் முதுகில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் துருத் தின்ற ஓட்டையொன்று இருப்பது தெரிந்தது. அதிலிருந்து வந்த புகை முழுவதும் பின்சீற்றுக்குக் கீழேயே மோதிக்கொண்டிருந்தது.

உங்கள் காருக்கும் அந்த அபாயம் உண்டு என்று நான் நினைப்பதற்கு, அந்த மூன்று கிலோமீற்றர் பாடசாலைப் பயணம் ஒரு காரணம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அது முழுவதும் வெளியேறிவிடும். குறுந்தூரம் ஓடி நிறுத்தும் காரில் அது உள்ளேயே குளிர்ந்து தேங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னும். அந்தத் தண்ணீர் வடிவதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் பென்சில் முனையளவில் ஒரு துளை விட்டிருப்பார்கள். அதைக் கசிவென்று நினைத்து வெல்ட் பண்ணி அடைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, ஏனென்றால் அதன்பின் அந்தச் சைலன்சர் விரைவிலேயே உக்கிவிடும். காலையில் டெயில் பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும் நோயல்ல.

சத்தத்தாலும் கரியாலும் பிடிபடாத கசிவுக்குச் சவர்க்காரத் தண்ணீர் இருக்கிறது. இதற்கு எஞ்சினை ஸ்ரார்ட் செய்யவே தேவையில்லை என்பதால் எனக்கு இந்த முறையில் விருப்பம் அதிகம். புகையுமில்லை, சூடுமில்லை, சுழலும் பொருளுமில்லை. மரத்தூளை ஊதித் தள்ளுவதற்குத் தச்சுப் பட்டறைகளில் வைத்திருக்கும் மின் ஊதியை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் வாங்குங்கள். அதன் வாயை டெயில் பைப்பில் வைத்து, சுற்றிவர ஈரத்துணியால் அடைத்து, மிதமான வேகத்தில் ஊதவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டியை அரை லீற்றர் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். கசியும் இடத்தில் நுரை பொங்கும். மிகச் சிறிய வெடிப்பானால் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊறி வரும். சிலிண்டர் ஒன்றின் வால்வு திறந்திருப்பதால் ஊதிய காற்றில் கொஞ்சம் எஞ்சினுக்குள்ளும் போய் அங்கிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம். தண்ணீரைச் சூடான மனிபோல்ட்டில் தெளித்தால் நல்ல வார்ப்பிரும்பும் வெடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளம் பாயும் மதகுகளைச் சூடான எஞ்சினோடு வேகமாகக் கடப்பதாலும் இப்படி வெடிப்பு விழக்கூடும். இன்னுமொன்று: வயலுக்கு மருந்தடிக்கும் தெளிகருவியை எவ்வளவு கழுவியிருந்தாலும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். தெளிக்கும்போது உங்கள் முகம் அதற்கு மிக அருகில் இருக்கும்.

ஊதி கிடைக்காவிட்டால் பழைய முறையொன்று உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, தடித்த கையுறை போட்ட ஒருவர் டெயில் பைப்புக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, மடித்த ஈரத்துணியால் அதன் வாயை ஐந்து விநாடி அளவுக்கு மறைத்துப் பிடித்தால், உள்ளே அமுக்கம் கூடிக் கசிவின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். இறுக அடைக்கக் கூடாது. எஞ்சின் திணறினால் உடனே விட்டுவிட வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பதோடு உங்கள் தேடலை நிறுத்தாமல், புகை எந்த வழியால் உள்ளே வந்தது என்பதையும் கண்டறியுங்கள். இதற்கு வன்னி மண்ணே நல்ல சாட்சி. கிரவல் வீதியில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஓடிய பின், பின்கதவைத் திறந்து அதன் றப்பர் விளிம்பைப் பாருங்கள். எந்த இடத்தில் செம்புழுதி உட்பக்கமாகக் கோடு போட்டிருக்கிறதோ, அந்த இடத்தால் புகையும் வரும். காப்பெற்றைத் தூக்கி அடித்தட்டிலுள்ள றப்பர் அடைப்பான்கள் விழுந்திருக்கின்றனவா என்றும், பின் லைற்றுகளின் உட்புறத்தில் புழுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்கதவு றப்பரின்மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால், தடையில்லாமல் உருவிக்கொண்டு வரும் இடத்தில் றப்பர் செத்துப்போயிருக்கிறது. ஓடும் வேகன் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை பின்கதவை நோக்கி இழுபடும். தேங்காய் மூட்டையோ சைக்கிளோ ஏற்றிப் பின்கதவைப் பாதி திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு போவது, கசிவே இல்லாத காரிலும் புகையை உள்ளே அழைப்பதாகும். முன்பக்கத்தில், வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் துவாரம் முன்கண்ணாடியின் அடியில் இருக்கிறது. மனிபோல்ட்டிலிருந்து கசிவது பொனற்றின் பின்விளிம்பால் வந்து அதற்குள் நேராகவே புகும். உங்களுக்கும் அம்மாவுக்கும் தலையிடி வந்த வழி அதுவாகவும், மகளுக்குப் புகை வந்த வழி பின்கதவாகவும் இருக்கக்கூடும், இரண்டையும் பாருங்கள்.

திருத்தும் வேலையில் வீட்டில் செய்யக்கூடியவை சிலவே. சைலன்சரைத் தாங்கும் தொங்கு றப்பர்கள் அறுந்திருந்தால் மாற்றலாம். தளர்ந்த கிளாம்ப்பை இறுக்கலாம். பின்கதவு றப்பரையும் தட்டின் அடைப்பான்களையும் புதிதாகப் போடலாம். மனிபோல்ட் நட்டுகளில் கைவைக்க வேண்டாம். நட்டு ஏறும் ஆணியான ஸ்ரட் துருப்பிடித்து முறிந்தால் சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும். வார்ப்பிரும்பு வெடிப்பைச் சாதாரண வெல்டிங்கால் ஒட்டினால் பக்கத்தில் மறுபடி வெடிக்கும். பாவித்த நல்ல மனிபோல்ட் ஒன்றைத் தேடிப் புதிய கஸ்கற்றோடு போடுவதே நிலைக்கும். பழைய கஸ்கற்றைத் திருப்பிப் போட்டுத்தர யாரும் முன்வந்தால் இடங்கொடாதீர்கள். காரில் எந்த இடத்தில் வெல்டிங் செய்வதானாலும் முதலில் பற்றறியின் மறை முனையைக் கழற்றச் சொல்லுங்கள். பெற்றோல் குழாய் எவ்வளவு தூரத்தில் போகிறதென்று காட்டச் சொல்லுங்கள்.

பால்மா ரின் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டிவிடலாமே என்று யாராவது வயதானவர் சொல்லக்கூடும். அவரைக் குறைசொல்ல என்னால் முடியாது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில், ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை எங்கள் மூத்த மெக்கானிக்குகள் இப்படியான ஒட்டுவேலைகளால்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் கைத்திறன் எனக்குப் பெருமையானது. ஆனால் அந்த வாகனங்களில் ஏசி இல்லை. கண்ணாடிகள் எப்போதும் திறந்தே இருந்தன. கசிந்த புகை காற்றோடு போயிற்று. கண்ணாடி மூடிய இன்றைய காருக்குள் அது போவதற்கு இடமில்லை. கராஜ்வரை ஓட்டிச் செல்வதற்கு வேண்டுமானால் வெப்பந்தாங்கும் எக்சோஸ்ட் பட்டியைச் சைலன்சர் ஓட்டையில் சுற்றலாம். சாதாரண எப்பொக்சிப் பசை சூட்டில் இளகி விழுந்துவிடும்.

கராஜுக்குக் கொண்டுபோகும் நாளில் தம்பி மட்டும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, பின்கதவை இறுக மூடி, ஏசி இல்லாமல் ஓட்டட்டும். முதல்நாள் இரவே காரை அங்கே விட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னிலையில் ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து ஓடிச் சூடாகிப் போன எஞ்சினில் அந்தச் சத்தத்தை எவராலும் கேட்க முடியாது. எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். வேலை முடிந்து வந்த மறுநாள் விடியவும் அதே குழாயை எடுத்து அதே இணைப்புகளைக் கேட்டுப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரையும் ஒருமுறை தெளித்துவிடுங்கள். இவை இரண்டிலும் ஒன்றும் தெரியாமல், புதிய பின்கதவு றப்பரிலும் புழுதிக் கோடு விழாமல் இருந்தால், முதலில் நீங்கள் மட்டும் கண்ணாடிகளைத் திறந்தபடி ஓரிரு நாள் பாடசாலைக்குப் போய்வாருங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி அதற்கு முன்னர் வந்தால் வவுனியாவுக்குப் பேருந்திலேயே போய்விடுங்கள். போகும்போது மகளையும் கூட்டிச் சென்று, இந்த இரண்டு மாதமாக நடந்ததை வைத்தியரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.